மாற்றத்துக்கு ஒரு கோச்சு வண்டி

ஹங்கேரி நாட்டில் கோச் என்று ஓர் ஊர் உண்டு. 15ஆம் நூற்றாண்டில் அங்கே செய்யப்பட்ட குதிரை வண்டிகள் ஐரோப்பாவில் புகழ் பெற்றன. ஊரின் பெயரே வண்டிக்கும் ஆயிற்று. நம்மவர் 'கோச்சு வண்டி' என்பதும் அதுவே. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய மாணவர்கள், தேர்வு என்னும் ஆற்றைக் கடத்திவிடும் தனி ஆசிரியரையும் வேடிக்கையாகக் 'கோச்' என்றனர். பிறகு விளையாட்டுப் பயிற்சியாளருக்கும் அப்பெயர் வந்தது. இன்று தொழில், படிப்பு, பழக்கவழக்கம் ஆகியவற்றில் மாறுதல் வேண்டுவோருக்குத் துணை நிற்கும் 'வாழ்க்கைப் பயிற்சியாளர்'களும் உள்ளனர். அவர்கள் அறிவுரை கூறுவதைவிடக் கேள்வி கேட்பதே அதிகம். ஏன் அப்படி?

பந்து கற்பித்த பாடம்

1970களின் தொடக்கத்தில் திமோதி கால்வே என்பவர் அமெரிக்காவில் டென்னிஸ் கற்பித்து வந்தார். "கையை இப்படி வை, காலை அப்படி வை" என்று சொல்லச் சொல்ல, மாணவரின் உடல் விறைத்துப் போவதைக் கண்டார். எனவே கட்டளைகளைக் குறைத்தார். பந்து தரையில் படும்போதும் மட்டையில் படும்போதும் ஒவ்வொரு சொல்லை வாய்விட்டுச் சொல்லுமாறு மட்டும் கூறினார். கவனம் பந்தின்மேல் சென்றது, பதற்றம் தணிந்தது, ஆட்டம் சீர்பட்டது. இம்முறையை 1974இல் நூலாக வெளியிட்டார்.

நான்கு கேள்விகள்

கார்ப் பந்தய வீரராக இருந்த ஜான் விட்மோர் இக்கருத்தைப் பிற துறைகளுக்கும் கொண்டு சென்றார். 1992இல் வந்த அவருடைய நூல் நான்கு படிகளைப் பரப்பியது. கணக்கில் பின்தங்கிய ஒரு மாணவியிடம் அவற்றைக் கேட்பதாகக் கொள்வோம்.

"உன் குறிக்கோள் என்ன?" "கணக்கில் தேற வேண்டும்."
"இப்போதைய நிலை என்ன?" "இயற்கணிதம் வரும். வடிவியல் என்றால் பக்கத்தைப் புரட்டிவிடுவேன்."
"என்னென்ன வழிகள் உண்டு?" "தோழியிடம் கேட்கலாம். தினம் ஒரு தேற்றம் வரைந்து பார்க்கலாம்."
"எதை, எப்போது செய்வாய்?"

'கணக்கே வராது' என்ற பெரிய அச்சம், 'வடிவியல்' என்ற சிறு பகுதியாகச் சுருங்கிவிட்டது அல்லவா?

ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்று நியூட்டன் விதி கூறுகிறது. பேச்சிலும் அதுபோல் ஒன்று நிகழ்கிறது. குடிப்பழக்கத்தால் துன்புறுவோரைப் பற்றி அமெரிக்க உளவியலறிஞர் வில்லியம் மில்லர் 1983இல் எழுதினார். வற்புறுத்தினால் அவர்கள் குடியை ஆதரித்தே வாதாடுவார்கள்; மாற வேண்டிய காரணத்தைத் தம் வாயாலேயே சொல்லும்போது மனவுறுதி பெறுவார்கள் என்பது அவர் கருத்து.

எப்போது, எங்கே?

நான்காவது கேள்வி மிக முக்கியம். ஜெர்மானிய உளவியலறிஞர் பீட்டர் கோல்விட்சர் குழுவினர் மாணவர்களுக்கு விடுமுறையில் ஒரு கட்டுரை எழுதும் வேலை தந்தனர். எப்போது, எங்கே எழுதுவோம் என்று முன்கூட்டியே குறித்துக்கொண்டவர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் உரிய காலத்தில் எழுதினர். மற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே எழுதினர்.

21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். லண்டனில் பிலிப்பா லாலியும் உடனிருந்தோரும் 96 பேரை ஆராய்ந்து 2009இல் முடிவை வெளியிட்டனர். ஒரு செயல் தானாக நிகழும் பழக்கமாக ஆகும் காலம் 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடைநிலை அளவு 66 நாள். இடையில் ஒரு நாள் தவறினாலும் பெரிய பாதகமில்லை. ஆகவே 22ஆம் நாள் தவறியவர், 'என்னால் முடியாது' என்று கைவிட வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை

இப்பயிற்சியாளர் மருத்துவர் அல்லர். வாரக்கணக்கில் நீடிக்கும் சோர்வு, உறக்கமின்மை, வாழவே பிடிக்காத எண்ணம் ஆகியவற்றுக்கு மனநல மருத்துவரின் உதவி தேவை. அந்நிலையில் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ உடனே சொல்லிவிட வேண்டும்.

செய்து பாருங்கள்

ஒரு நண்பருடன் அமருங்கள். மேற்கண்ட நான்கு கேள்விகளையும் பத்து நிமிடம் கேளுங்கள். ஒரே நிபந்தனை: அறிவுரை ஒன்றும் சொல்லக்கூடாது. நான்காம் விடையை நாள், நேரம், இடத்துடன் அவரே எழுதட்டும். ஒரு வாரம் கழித்து எத்தனை நாள் நடந்தது என்று எண்ணிப் பாருங்கள். அறிவுரை கூறாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பதும் அப்போது விளங்கும்!