‘நோரா இனு’: ஒரு ஜப்பானியத் திரைச்சித்திர ஆராய்ச்சி

குற்றக் கதை என்ற மாத்திரத்தில் கற்றோர் பலர் முகஞ் சுளிப்பதுண்டு. கொலையோ களவோ ஒன்று நிகழும். துப்பறிவோன் ஒருவன் அதனைத் தொடர்வான். இறுதியில் குற்றவாளி அகப்படுவான். இத்தகைய கதை பொழுதைப் போக்குமேயன்றி உள்ளத்தைப் பண்படுத்தாது என்பது அவர்தம் துணிபு. பெரும்பாலான குற்றக் கதைகளைப் பற்றிய மட்டில் அத்துணிபு பிழையன்று. ஆயினும், குற்றவாளி யாவன் என்னும் வினாவை விடுத்து, அவன் எங்ஙனம் குற்றவாளி ஆயினான், அவனைத் துரத்துவோன் எங்ஙனம் அவ்வாறு ஆகாது தப்பினான் என்னும் வினாக்களை எழுப்பும் படைப்புக்களும் உள. அவற்றுள் தலையாய ஒன்றனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அகிரா குரோசாவா (1910–1998) என்னும் டைரக்டர் இயற்றிய ‘நோரா இனு’ 1949-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் வெளிவந்தது. உடையவனின்றித் திரியும் தெருநாய் என்பது அப்பெயரின் பொருள். பிரெஞ்சு மொழியில் துப்பறியும் நாவல்கள் பல எழுதிய ஜார்ஜ் சிமெனோனிடத்துக் குரோசாவாவுக்குப் பெருமதிப்பு உண்டு. அவர் நடையைப் பின்பற்றி இக்கதையை முதலில் நாவலாகவே எழுதினார். அங்ஙனம் எழுதிக்கொண்டால் திரைக்கதை எளிதில் அமையும் என்று கருதினார். ரியூசோ கிகுஷிமாவுடன் கூடி அதனைத் திரைக்கதையாக்கப் புகுந்தபொழுதோ, நாவல் எழுதியதினும் அது கடினமாயிற்று.

கதை நிகழும் காலத்தை முதற்கண் அறிதல் வேண்டும். 1945 ஆகஸ்டில் ஜப்பான் போரில் தோற்றது. அது முதல் 1952 வரை அந்நாடு நேசநாட்டுப் படைகளின் ஆதிக்கத்தில் இருந்தது. டோக்கியோ நகரின் பெரும்பகுதி குண்டுவீச்சில் எரிந்து கிடந்தது. களத்தினின்றும் மீண்ட போர்வீரர் பலர்க்கு வேலையில்லை. அரிசி பங்கீட்டு அட்டைக்கே கிடைத்தது. கள்ளச் சந்தைகள் எங்கணும் மலிந்தன.

முராகாமி என்னும் இளந் துப்பறிவாளன், சுடும் பயிற்சி முடித்து, கோடை வெயிலில், நெருக்கடி மிகுந்த பஸ்ஸில் திரும்புகின்றான். அவனுடைய கைத்துப்பாக்கி களவு போகின்றது. அதனுள் 7 தோட்டாக்கள் உள்ளன. வெட்கமுற்ற அவன் இராஜினாமாக் கடிதம் நீட்டுகின்றான். மேலதிகாரி அதனை ஏற்றுக்கொள்ளாது, துன்பம் ஒருவனை ஆக்கவும் செய்யும், அழிக்கவும் செய்யும் என்று இடித்துரைத்து அவனை வேலைக்கு அனுப்புகின்றார். அத்துப்பாக்கியால் ஒரு பெண் காயமுறுகின்றாள், மற்றொருத்தி உயிரிழக்கின்றாள். சாதோ என்னும் மூத்த அதிகாரியின் துணைகொண்டு, யூசா என்னும் குற்றவாளியை முராகாமி தேடிச் செல்கின்றான். முராகாமியாகத் தோஷிரோ மிபூனேயும், சாதோவாகத் தகாஷி ஷிமுராவும், யூசாவாக இசாவோ கிமுராவும் நடித்துள்ளனர்.

இக்கதையின் உயிர்நிலை யாதெனின், துரத்துவோனும் துரத்தப்படுவோனும் ஒரே இழப்பை எய்தியவர் என்பதாம். இருவரும் போரினின்றும் திரும்பியவர். திரும்பும் வழியில் இருவருடைய மூட்டையும் களவு போயிற்று. அவ்வேளையில் தானும் கொள்ளையடிக்கத் துணிந்திருக்கக் கூடும் என்று முராகாமி சாதோவிடம் மறையாது உரைக்கின்றான். அவன் அவ்வழி செல்லாது போலீஸ் உத்தியோகத்தில் அமர்ந்தான். யூசாவோ களவில் இறங்கினான்.

இக்கருத்தைச் சொற்பொழிவாக உரையாது, காட்சியாலும் ஒலியாலும் உணர்த்தியதே குரோசாவாவின் கலைத்திறம். அதற்குச் சான்றாக மூன்றினை எடுத்துக் காட்டுவாம்.

முதலாவது, வெப்பம். படம் தொடங்குங்கால் நாத் தொங்க இளைக்கும் நாயொன்றன் முகமே திரை முழுதும் நிறைகின்றது. அதன் பின்னர், நெற்றியில் வியர்வை அரும்பாத மாந்தரைக் காண்டல் அரிது. கைக்குட்டையும் விசிறியும் ஓய்வதில்லை. போலீஸாரும், கள்வரும், நாட்டியக் கொட்டகைப் பெண்டிரும் ஒரே வெப்பத்தில் வேகின்றனர். எல்லோரையும் ஒரு தட்டில் நிறுத்த இதனினும் எளிய வழி வேறில்லை. கதை முதிரும் இரவில் மழை கொட்டும்பொழுது நாமும் ஒருவாறு மூச்சு விடுகின்றோம். அம்மழையிலேயே சாதோ சுடப்பட்டு வீழ்கின்றார்.

இரண்டாவது, கள்ளச் சந்தை. துப்பாக்கியை வாடகைக்கு விடுவோரைத் தேடி முராகாமி தன் பழைய படையுடையை அணிந்து, வறியவன்போலத் தெருத்தெருவாக அலைகின்றான். பல நிமிடங்கள் பேச்சே இல்லை. நடக்கும் கால்களும், தேடும் கண்களும், கடைத்தெருவின் இரைச்சலுமே உள. உதவி டைரக்டர் இஷிரோ ஹோண்டா மெய்யான கள்ளச் சந்தைத் தெருக்களுக்கே சென்று இப்பகுதியிற் பலவற்றைப் படம் பிடித்தார். 1954-இல் ‘கோட்ஜில்லா’ படத்தை இயக்கியவரும் இவரே. இப்பகுதி நீண்டுவிட்டது என்பார் உளர். அக்குறையை நாமும் முற்றும் மறுக்கவில்லை. ஆயினும், பழைய உடை மீண்டதும் முராகாமி எவ்வளவு எளிதாக யூசாவின் உலகத்தில் கலந்துவிடுகின்றான் என்பதை நாம் உணர்வது இங்கேதான். அவ்வுலகில் துப்பாக்கி பெறுதற்கு ஈடாக வைப்பது அரிசிப் பங்கீட்டு அட்டை! ஒருவன் தன் உணவை அடகு வைத்துக் கொலைக் கருவி வாங்கினான் என்னும் செய்தி, அக்காலத்தின் வரலாற்றை ஒரு வரியில் அடக்கிவிடுகின்றது.

மூன்றாவது, இறுதிக் காட்சியின் ஒலி. புகைவண்டி நிலையத்தில் முராகாமி, முகம் அறியாத யூசாவைச் சேறு படிந்த வெள்ளையுடை முதலிய குறிப்புகளால் இனங்காண்கின்றான். இருவரும் அருகிருந்த காட்டுக்குள் ஓடுகின்றனர். யூசாவின் துப்பாக்கி முராகாமியை நோக்குகின்றது. அவ்வேளையில் அண்டை வீடொன்றில் யாரோ ஒரு பெண் பியானோ பயிலும் இன்னொலி மிதந்து வருகின்றது. குண்டு முராகாமியின் கையைத் துளைக்க, குருதி பூக்களின்மேல் சொட்டுகின்றது. அப்பெண் சன்னல் வழியே சற்று நோக்கிவிட்டு, மீண்டும் வாசிக்கலானாள். துயரக் காட்சிக்குத் துயர இசையே வேண்டும் என்பது பொது வழக்கு. குரோசாவாவும் இசையமைப்பாளர் புமியோ ஹயசாகாவும் 1948-இல் வெளிவந்த ‘குடிகார தேவதை’ படத்திலேயே அவ்வழக்கை மாற்றிப் பார்த்தவர்கள். ஒருவன் உயிருக்குப் போராடுங்கால் உலகம் தன் பாட்டில் இயங்குகின்றது என்னும் கொடிய உண்மையை, அழுகை இசை ஆயிரம் உணர்த்த முடியாத அளவுக்கு அச்சிறு பயிற்சிப் பாடம் உணர்த்திவிடுகின்றது.

தோட்டாக்கள் தீர்ந்தபின் யூசா பிடிபடுகின்றான். விலங்கிட்டவனும் விலங்கு பூண்டவனும் புல்லின்மீது அருகருகே வீழ்ந்து இளைக்கின்றனர். இருவர் உடையும் சேறு. எவன் போலீஸ், எவன் கொலைஞன் என்று பிரித்தறிதல் அரிது. குழந்தைகள் சிலர் பாடிக்கொண்டு அப்பக்கம் செல்கின்றனர். அப்பாட்டைக் கேட்டு யூசா வாய்விட்டு அலறுகின்றான். படத்தின் தொடக்கத்தில் இளைத்த நாய் யாது என்பது அப்பொழுது விளங்குகின்றது.

இனி, அவ்விருவரையும் வேறுபடுத்தியது யாது? அவரவர் தெரிந்துகொண்ட வழியே என்பது படத்தின் வெளிப்படையான விடை. அவ்விடை மெய்யே, ஆயின் முழுமையன்று எனக் கருதுகின்றோம். முராகாமி தவறியபொழுது அவன் கடிதத்தை ஏற்காத மேலதிகாரி ஒருவர் இருந்தார். அவனைத் தம் சிறு வீட்டிற்கு அழைத்துச் சென்று, உறங்கும் தம் மக்களைக் காட்டி, இரவு நெடுநேரம் உரையாடிய சாதோ இருந்தார். யூசா தமக்கை வீட்டை ஒட்டிய ஒரு கொட்டிலில் ஒண்டியிருந்தான். அவனுடைய கோபத்தைக் கேட்டுத் திருத்திய மூத்தோர் ஒருவரையும் படம் முழுதும் நாம் காணோம். உடையவனில்லாத நாயே வெறிநாயாகும் என்னும் குறிப்பு தலைப்பிலேயே அடங்கியுள்ளது அன்றோ?

முடிவில் மருத்துவமனையில் படுத்திருக்கும் சாதோ, யூசாவை நாளடைவில் மறந்துவிடுவாய் என்று முராகாமியைத் தேற்றுகின்றார். முராகாமியின் முகத்தில் அமைதி தோன்றவில்லை. அவன் மறப்பானோ மாட்டானோ, நாம் மறத்தற்கில்லை. கல்லூரி வாழ்வில் தேர்விலும் பொருளிலும் இழப்பெய்தி, தலைகவிழ்ந்து நம் அருகே அமர்ந்திருக்கும் தோழர் உளர். அவர் கடிதத்தைக் கிழித்தெறிவாரும், தம் இல்லத்திற்கு அழைப்பாரும் உளரோ என்று ஒவ்வொருவரும் தம்மைத் தாமே வினவிக்கொள்வாராயின், இப்படத்தைக் கண்ட பயனை எய்தினவர் ஆவர்.