அளந்து தரும் மருந்து

தராசில் நிறுக்காத கொழுந்தைக் கணக்கில் பதிய நாம் விடுவதில்லை. கூடை நிறைந்திருப்பது போதாது. எத்தனை கிலோ என்பதே கேள்வி. மருந்து விடயத்திலும் இக்கேள்வியைக் கேட்க நாம் பழகவேண்டும்.

வைரஸ் நோயிலிருந்து குணமடைந்தவரின் இரத்தத்தில் அவ்வைரஸை எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் இருக்கும். இரத்தத்திலிருந்து கலங்களை நீக்கினால் எஞ்சும் மஞ்சள் திரவமே பிளாஸ்மா. அதை நோயாளிக்கு ஏற்றினால் இரவல் பாதுகாப்புக் கிடைக்கலாம். ஆனால் குணமடைந்த எல்லாரிடமும் பிறபொருளெதிரி ஒரே அளவில் இருப்பதில்லை.

எப்படி அளப்பது? பிளாஸ்மாவைப் படிப்படியாக ஐதாக்கி, ஒவ்வொரு படியிலும் வைரஸைக் கலந்து, ஆய்வுகூடத்தில் வளர்த்த கலங்கள்மீது இடுவர். எத்தனை மடங்கு ஐதாக்கிய பின்னும் கலங்கள் தப்புகின்றனவோ, அதுவே பிளாஸ்மாவின் வலு.

ஆர்ஜென்டீனாவில் வயல் தொழிலாளரைத் தாக்கிய இரத்தப்பெருக்குக் காய்ச்சலுக்கு, நோய் கண்ட எட்டு நாட்களுக்குள் இப்பிளாஸ்மா கொடுக்கப்பட்டது. சாதாரண பிளாஸ்மா பெற்றோரில் 16.5 சதவீதத்தினர் இறந்தனர். குணமடைந்தோரின் பிளாஸ்மா பெற்றோரில் 1.1 சதவீதத்தினரே இறந்தனர். இம்முடிவு 1979இல் வெளியானது.

கொரோனா வந்தபோது, 2020இல் இந்தியாவின் 39 வைத்தியசாலைகளில் 464 நோயாளரிடம் இச்சிகிச்சை சோதிக்கப்பட்டது. பிளாஸ்மாவின் வலு ஏற்றுமுன் அளக்கப்படவில்லை, பின்னரே அளந்தனர். நோய் முற்றியோர் அல்லது இறந்தோர், பிளாஸ்மா பெற்றவரில் 19 சதவீதம். பெறாதவரில் 18 சதவீதம். பயனில்லை.

அளக்காததுதான் காரணமா? அதுமட்டுமல்ல. பிரித்தானியாவில் வலுமிக்க பிளாஸ்மாவைத் தெரிந்தெடுத்து, 11,000க்கும் மேற்பட்ட நோயாளரிடம் சோதித்தபோதும் இரு பிரிவிலும் 24 சதவீதத்தினர் இறந்தனர். வைத்தியசாலைக்கு வரும்போதே பலரின் உடல் தானே பிறபொருளெதிரிகளை உண்டாக்கியிருந்தது. ஆர்ஜென்டீனாவிலோ, அறிகுறி தோன்றிய மூன்று நாட்களுக்குள் முதியோர் 160 பேரிடம் செய்த ஆய்வில், கடும் சுவாச நோய் 31 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தது. ஆகவே அளவும் வேண்டும், காலமும் வேண்டும். 2021 மே மாதம் இந்தியா இச்சிகிச்சையைத் தன் வழிகாட்டலிலிருந்து நீக்கியது. அதற்குமுன் எத்தனையோ குடும்பங்கள் பிளாஸ்மா தேடி ஊர் ஊராக அலைந்துவிட்டன.

திம்புள்ளவில் இருக்கும் நமக்கு இதில் என்ன பாடம்? விசர்நாய் கடித்தால் தடுப்பூசி வேலைசெய்யச் சில நாட்கள் ஆகும். அந்த இடைவெளிக்காக, ஆழமான கடிகாயத்தில் இரவல் பிறபொருளெதிரியைச் செலுத்துவர். அது உடல் நிறைக்கேற்ப அளந்தே தரப்படுகிறது. நோய்க்குறி தோன்றிய பின் அதுவும் உதவாது. எனவே காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குப் போவோம். அரைப்பேர் போய்விடுமே என்று நாளைக்குத் தள்ளவேண்டாம்.

கலந்துரையாட:
1. புதிய மருந்து பற்றிக் கேள்விப்பட்டால், வைத்தியரிடம் நாம் கேட்கவேண்டிய இரண்டு கேள்விகள் யாவை?
2. நாய்க்கடிபட்டவர் அன்றே வைத்தியசாலை செல்ல நமது லயத்தில் என்ன ஒழுங்கு செய்யலாம்?