பிள்ளைக்கு எதிலும் பிடிப்பில்லையா?

பெற்றோர்களே! ஒரகடத்தில் ஷிப்டு முடிந்து வல்லக்கோட்டைக்குத் திரும்புகிறீர்கள். கபடி ஆடிய பிள்ளை மூலையில் முடங்கிக் கிடக்கிறதா? பிடித்த பண்டமும் ருசிக்கவில்லையா? இரண்டு வாரம் நீடித்தால் அது திமிர் அல்ல, மனச்சோர்வாக இருக்கலாம். திட்டாதீங்க.

"மனசு சரியானதும் செய்யட்டும்" என்று காத்திராதீர்கள். செய்யச் செய்யத்தான் மனசு தெளியும். கோவா ஆரம்ப சுகாதார நிலையங்களில் பெரியவர்களுக்கு இம்முறை பலன் தந்ததை 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. இளையோருக்கும் இதைக் கையாளுகிறார்கள்.

1. முன்பு பிடித்தவற்றைப் பிள்ளையே சொல்லட்டும்.
2. அதில் சின்னதாய் ஒன்று, தினம் 10 நிமிடம், குறித்த நேரத்தில் செய்யட்டும். கூட நீங்களும் போங்க.
3. செய்தபின் மனசுக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று கேளுங்கள். ஒன்று கூடினாலும் நல்லதே.

"சாகணும்" என்றால் தனியே விடாதீங்க. உடனே 14416க்குப் பேசுங்கள், இலவசம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அழைத்து வாருங்கள்.