இளைப்புக்காரருக்கு மறதி வந்தால்

கும்மிடிப்பூண்டியிலிருந்து எழுதிய மகளுக்கு: சிப்காட் உருக்காலையில் ஃபர்னஸ் வேலை பார்த்த உங்கள் அப்பாவுக்கு நாள்பட்ட இளைப்பு. இப்போது ரேஷன் கடை வாசல்வரை போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நிற்கிறார். வயசாகிவிட்டது என்கிறார்களாம் வீட்டில். அப்படி விட்டுவிடாதீர்கள், அம்மா.

உடல் எடையில் மூளை ஏறத்தாழ 2 சதவீதம்தான். ஆனால் உடம்பு செலவழிக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. நுரையீரல் தளர்ந்தால் கவனமும் நினைவும் தடுமாறலாம். காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கம் என்றால் ரத்தத்தில் கரியமில வாயு தேங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

முதலில் அவர் இன்ஹேலர் இழுப்பதை எதிரே உட்கார்ந்து பாருங்கள். குலுக்க மறப்பார்; மூச்சை வெளியே விடாமலே அழுத்துவார்; பத்து எண்ணும்வரை அடக்காமல் உடனே ஊதிவிடுவார். மருந்து தொண்டையோடு நின்றுவிடும். இளைப்பு கூடும், அதோடு மறதியும் கூடலாம். திட்டாதீர்கள். ஸ்பேசர் வாங்கிப் பொருத்திக் கொடுங்கள். காலை மருந்தை இழுத்த பிறகுதான் தினசரி காலண்டர் தாளைக் கிழிப்பது என்று வைத்துக்கொண்டால், இழுத்தாரா இல்லையா என்ற குழப்பம் வராது.

ஆக்சிமீட்டர் அளவை உட்கார்ந்திருக்கும்போதும் நடந்து வந்த பிறகும் எழுதி வையுங்கள். ஓய்விலேயே 88ஐத் தாண்டவில்லை என்றால் உடனே மருத்துவரிடம் போங்கள். வீட்டில் ஆக்சிஜன் வைக்கச் சொன்னால், நாளுக்குக் குறைந்தது 15 மணி நேரம் வைக்க வேண்டியிருக்கும். அமெரிக்க ஆய்வு ஒன்றில், இப்படி ஆக்சிஜன் பெற்றவர்களுக்குச் சிந்தனைத் திறன் ஓரளவு மீண்டது. ஆனால் மூச்சு வாங்குகிறதே என்று நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள். கரியமில வாயு ஏறிவிடும். மருத்துவரைக் கேட்காமல் தூக்க மாத்திரையும் வேண்டாம்.

தாம்பரம் சானடோரியத்தில் 1928இல் தொடங்கிய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை இருக்கிறது. மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து, எதிரே பூங்கா நிலையத்தில் தாம்பரம் வண்டி பிடிக்கலாம். ஃபர்னஸ் லைனிங் உடைத்தாரா, எத்தனை வருடம் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். அந்தத் தூசியில் சிலிக்கா உண்டு. சிலிக்கோசிஸ், காசநோய் இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பி12, தைராய்டு, சர்க்கரையும் பார்க்க வேண்டும். மனச்சோர்வும் மறதிபோலவே தோன்றும்.

திடீரென்று ஒரே நாளில் பேச்சு குழறினாலோ, ஆளை அடையாளம் தெரியாமல் போனாலோ ரயிலுக்குக் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.