ஜீப்புக்கு எந்த டயர்?

"இந்த ஆண்டு மலருக்கு என்ன எழுதப் போகிறாய்?" என்று நண்பர்கள் கேட்டபோது, "டயரைப் பற்றி" என்றேன். சிரித்தார்கள். கவிதையும் சிறுகதையும் நிறைந்த மலரில் டயருக்கு என்ன இடம் என்பது அவர்கள் கேள்வி. ஆனால் உராய்வு விசை பற்றி நம் இயற்பியல் வகுப்பில் படித்ததை நான் விளங்கிக்கொண்டது, ஆனி மாதச் சாரலில் ஆரியங்காவு மலைச்சாலையில் எங்கள் ஜீப்பின் பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தபோதுதான். ஆகவே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கடையம். அப்பா வாடகைக்கு ஓட்டுவது நான்கு சக்கர இயக்கம் உள்ள பழைய வண்டி. (ஜீப் என்பது ஒரு கம்பெனியின் பெயர், எங்கள் ஊரிலோ உயரமான டீசல் வண்டி எல்லாமே ஜீப்தான்.) மேற்கே மலை; அடிவாரத்தில் ராமநதி அணையும் கடனா அணையும். வெளியூரிலிருந்து வந்து பார்ப்பவர்களுக்கு இந்த வண்டி நாள் முழுவதும் பாறையிலும் சேற்றிலும் ஏறி இறங்கும் என்றுதான் தோன்றும். சென்ற ஆண்டு டயர்கள் தேய்ந்தபோது கடைக்காரருக்கும் அப்படித்தான் தோன்றியது.

"அண்ணாச்சி, மலையடிவாரத்துல வண்டி ஓட்டுதீக. சாதா டயர் போட்டா சேத்துல மாட்டிக்கிடுவீக. நல்ல பெரிய பட்டன் டயரா போடுங்க" என்றார்.

அப்பாவும் ஒத்துக்கொண்டார். அவர் மனத்தில் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருமழை இருந்தது. திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்கள் தத்தளித்த அந்த நாட்களில் ஒரு தென்னந்தோப்புப் பாதையில் எங்கள் வண்டி அச்சுவரை புதைந்து, டிராக்டர் வைத்து இழுக்க வேண்டியதாயிற்று. அந்த அவமானத்தை அவர் மறக்கவில்லை. சேற்று டயர்கள் நான்கும் வந்தன. பார்க்க யானைக்கால் போல இருந்தன. தார்ச்சாலையில் ஓடும்போது வண்டு இரைவது போல ஓயாத இரைச்சல். டீசலும் முன்னைவிடக் கூடுதலாகக் குடித்தது. "புதுசுல அப்படித்தான் இருக்கும்" என்று அப்பா சமாதானம் சொல்லிக்கொண்டார்.

பிறகு அந்தப் பயணம். பக்கத்து வீட்டு ஆச்சியைத் திருவனந்தபுரத்திற்கு மருத்துவம் பார்க்க அழைத்துச் சென்றோம். செங்கோட்டை, புளியரை தாண்டி, எஸ் வளைவு ஏறி, கோட்டைவாசலைக் கடந்து ஆரியங்காவு இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தோம். மழை என்று சொல்ல முடியாது. குற்றாலத்துக்காரர்கள் விரும்புகிற பூஞ்சாரல். முன்னால் போன லாரி திடீரென நின்றது. அப்பா பிரேக்கை மிதித்தார். சக்கரங்கள் நின்றன, வண்டி நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே போய், லாரியை ஒரு சாண் இடைவெளியில் விலகி, இடப்புறத்து மண்மேட்டில் முட்டி நின்றது. யாருக்கும் அடியில்லை. மேடு வலப்புறமும் பள்ளம் இடப்புறமுமாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

ஆச்சிதான் முதலில் பேசினாள். "ஏய்யா, நிக்க வேண்டிய எடத்துல நிக்காத வண்டி எதுக்கு?"

அப்பா மெதுவாக, "நாலு சக்கரமும் போட்டு ஓட்டிருக்கணும்" என்றார். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். தவறு இங்கேதான் தொடங்குகிறது. நான்கு சக்கர இயக்கம் என்பது என்ஜினின் இழுவையை நான்கு சக்கரங்களுக்கும் பங்கிட்டுக் கொடுப்பது. அது வண்டியைக் கிளப்ப உதவும். மேட்டில் ஏற்ற உதவும். சேற்றிலிருந்து மீட்க உதவும். நிறுத்துவதற்கு அதனால் பயன் மிகக் குறைவு. ஏனெனில் எல்லா வண்டிகளிலும் பிரேக் எப்போதும் நான்கு சக்கரங்களிலும்தான் பிடிக்கிறது. பிரேக் நிறுத்துவது சக்கரத்தை. வண்டியை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள உராய்வு.

ஊர் திரும்பியதும் வகுப்பு நோட்டை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டேன். நிற்கும் தூரம் = திசைவேகத்தின் வர்க்கம் ÷ (2 × உராய்வுக் குணகம் × புவியீர்ப்பு முடுக்கம்). வண்டி மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் சமதளத்தில் ஓடுவதாகக் கொள்வோம். குணகம் 0.7 ஆனால் 20 மீட்டரில் நிற்கும். 0.4 ஆனால் 35 மீட்டர் வேண்டும். இதைவிட என்னைத் திடுக்கிட வைத்தது அடுத்த கணக்கு. முதல் வண்டி முற்றிலும் நின்றுவிட்ட அந்த 20ஆவது மீட்டரில், இரண்டாவது வண்டி இன்னும் மணிக்கு 39 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்! குணகம் உண்மையில் டயருக்கும் சாலைக்கும் வேகத்திற்கும் ஏற்ப மாறும். நான் எடுத்தவை விளக்கத்திற்கான எண்கள். ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க எடுக்கும் நேரத்தையும் இறக்கத்தையும் சேர்த்தால் தூரம் இன்னும் நீளும்.

சேற்று டயர் ஏன் ஈரத் தாரில் வழுக்குகிறது? அதன் பள்ளங்கள் பெரியவை. நீரை அவை நன்றாகவே வெளியேற்றும் அல்லவா என்று கேட்கலாம். உண்மைதான். தேங்கிய நீரில் அதைக் குறை சொல்ல முடியாது. குறை தெரிவது சாரலில். தாரின்மேல் எண்ணெய்ப் பிசுக்கும் புழுதியும் கலந்த மெல்லிய நீர்ப்படலம் படிந்திருக்கும்போது, சாலையைத் தொடும் ரப்பரின் பரப்பும், அந்தப் படலத்தை அறுத்துத் துடைக்கும் மெல்லிய கீறல்களுமே முக்கியம். சேற்று டயரில் பட்டனுக்கும் பட்டனுக்கும் இடையே வெற்றிடம் அதிகம், கீறல்கள் குறைவு, கல்லில் கிழியாதிருக்க ரப்பரும் கெட்டியாக இருக்கும், உயரமான பட்டன்கள் பிரேக் பிடிக்கையில் வளைந்து நெளியும். சேற்றில் குணமாக இருப்பவையே ஈரத் தாரில் குற்றமாகின்றன.

ஒரு சக்கரத்தின்மேல் 450 கிலோ சுமை, உள்ளே 32 பி.எஸ்.ஐ. காற்று என்றால், டயர் சாலையைத் தொடும் இடம் ஏறக்குறைய 200 சதுர சென்டிமீட்டர். இந்த மலரின் ஒரு பக்கத்தில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து இரண்டு பக்கம். அந்த இரண்டு பக்கத் தாளில் பாதி வெற்றிடம் என்றால் எப்படி இருக்கும்?

அடுத்து நான் செய்தது, அப்பாவின் டிரிப் நோட்டைப் புரட்டியது. தென்காசி, அம்பாசமுத்திரம், திருநெல்வேலி நான்குவழிச் சாலை, புனலூர், திருவனந்தபுரம். மண் பாதை என்பது தோப்புக்குப் போகிற சில கிலோமீட்டர். அதுவும் வாரத்தில் ஒரு நாள். நூறு கிலோமீட்டரில் ஐந்துகூடத் தேறவில்லை. அந்த ஐந்துக்காக மற்றத் தொண்ணூற்றைந்தையும் ஆபத்தில் ஓட்டிக்கொண்டிருந்தோம். நோட்டைக் காட்டியபோது அப்பா ஒன்றும் பேசவில்லை. நோட்டை வாங்கி அவரும் ஒருமுறை புரட்டிப் பார்த்தார்.

இத்தகைய வண்டிகளுக்குச் சந்தையில் மூன்று வகை டயர்கள் கிடைக்கின்றன. எச்.டி. எனப்படும் நெடுஞ்சாலை டயர், ஏ.டி. எனப்படும் எல்லா நிலத்துக்குமான டயர், எம்.டி. எனப்படும் சேற்று டயர். ஏ.டி. நடுவழி. பாதி நாள் சரளைக் கல்லிலும் எஸ்டேட் பாதையிலும் ஓடுபவர்களுக்கு அது பொருந்தும். அதிலும் சில சாலையை ஒட்டியவை, சில சேற்றை ஒட்டியவை; பெயரை மட்டும் நம்பாமல் பட்டன்களின் நெருக்கத்தைப் பார்க்க வேண்டும். எங்களுக்கு நெடுஞ்சாலை டயரே போதும் என்று நான் வாதாடினேன். "மறுபடியும் சேத்துல மாட்டினா?" என்றார் அப்பா. டிராக்டரைக் கூப்பிடலாம் என்றேன். மேலும், ஈரப் பாதையில் முன்கூட்டியே நான்கு சக்கரத்தையும் தாழ்ந்த கியரையும் போட்டு, நிதானமாக, நடுவில் நிறுத்தாமல் போனால், சாதாரணப் பட்டனும் பெரும்பாலும் கரை சேர்த்துவிடும். புதைந்த அன்று அப்பா அப்படிச் செய்யவில்லை; புதைந்த பிறகுதான் கம்பியைத் தள்ளினார். இதை நான் சொல்லவில்லை, அவரே சொன்னார்.

டயரின் பக்கச்சுவரில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்துகொள்வது பத்து நிமிடப் பாடம். எங்கள் டயரில் 215/75 ஆர் 15 என்றும் அடுத்து 100 எஸ் என்றும் இருக்கிறது. 215 என்பது மில்லிமீட்டரில் அகலம். 75 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பது. ஆர் என்றால் ரேடியல். உள்ளிருக்கும் இழைகள் விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராக ஓடும் அமைப்பு. மிஷ்லின் நிறுவனம் 1946இல் காப்புரிமை பெற்ற முறை இது. 15 என்பது டிஸ்கின் விட்டம், அங்குலத்தில். (மில்லிமீட்டரையும் அங்குலத்தையும் ஒரே வரியில் எழுதும் வழக்கத்தைத் தேர்வில் நாம் செய்தால் மதிப்பெண் போய்விடும்.) 100 என்ற சுமை எண்ணுக்கு ஒரு டயர் 800 கிலோ தாங்கும் என்று பொருள். எஸ் என்பது மணிக்கு 180 கி.மீ. வரை. புது டயரில் இந்த இரண்டும் வண்டிக்கு விதிக்கப்பட்டதற்குக் குறையக் கூடாது.

அழகுக்காக 235/75 போடுபவர்கள் உண்டு. அதன் விட்டம் 215/75ஐவிட 30 மில்லிமீட்டர் கூடுதல். மீட்டர் 60 என்று காட்டும்போது வண்டி 62½ கி.மீ. வேகத்தில் ஓடும்.

இன்னும் மூன்றைப் பார்க்க வேண்டும். ஒன்று, நான்கு இலக்கத் தேதி. 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. ரப்பர் சும்மா கிடந்தாலும் முதுமையடையும்; பல ஆண்டு கிடந்ததைத் தள்ளுபடி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். இன்னொன்று ஐ.எஸ்.ஐ. முத்திரை. மூன்றாவது, பள்ளத்தின் அடியிலுள்ள தேய்மானத் திட்டு. பட்டன் தேய்ந்து அந்தத் திட்டுக்குச் சமமானால் எஞ்சிய ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான், அத்துடன் டயரின் ஆயுள் முடிந்தது. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் 2 மில்லிமீட்டர் நீரில் ஓடும் எங்கள் டயர் ஒவ்வொன்றும் நொடிக்கு ஏழு லிட்டருக்கு மேல் நீரை ஒதுக்கித் தள்ள வேண்டும் என்று கணக்கிட்டேன். இரண்டு நொடிக்கு ஒரு குடம்! மொட்டை டயர் அந்தக் குடத்தை எங்கே கொட்டும்? நீரின்மேல் ஏறி மிதந்துவிடும்.

இந்த மிதப்புக்கு அமெரிக்காவின் நாசா நிறுவனம் 1960களில் விமான டயர்களை ஆராய்ந்து ஒரு சூத்திரம் கண்டது. காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 16.7ஆல் பெருக்கினால், மிதக்கத் தொடங்கும் வேகம் கிலோமீட்டரில் தோராயமாகக் கிடைக்கும். 32 பி.எஸ்.ஐ.க்கு 94. காற்று இறங்கி 20 ஆகிவிட்டால் 75. காற்று குறைந்தால் டயர் பட்டையாக அமர்ந்து நன்றாகப் பிடிக்கும் என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. மணலில் மெதுவாகப் போவதற்கு அது சரி. நெடுஞ்சாலையில் அது நேர்மாறாகிவிடும். டயரும் சூடேறி வெடிக்கும்.

வகை முடிவானதும் பணச் சிக்கல் வந்தது. இப்போது இரண்டு, தை மாதத்தில் இரண்டு என்றார் அப்பா. சாதாரணக் காராக இருந்தால் நானும் சரி என்றிருப்பேன். எங்கள் வண்டியில் நான்கு சக்கரத்தையும் போட்டுவிட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுழலும்படி பூட்டப்படுகின்றன. ஒரு அச்சில் 8 மில்லிமீட்டர் பட்டனுள்ள புது டயரும் மற்றதில் 2 மில்லிமீட்டரே எஞ்சிய பழைய டயரும் இருந்தால் ஆரத்தில் 6 மில்லிமீட்டர் வேறுபாடு. ஒரு சுற்றுக்கு 38 மில்லிமீட்டர். கிலோமீட்டருக்குச் சுமார் 450 சுற்று. ஆக, ஒரு கிலோமீட்டர் போவதற்குள் ஒரு அச்சு மற்றதைவிட 17 மீட்டர் கூடுதலாக ஓடப் பார்க்கும். சேற்றில் சக்கரம் வழுக்கி அந்த வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும். பிடிப்புள்ள தரையில் அதைத் தாங்குவது கியர்ப் பெட்டியின் பற்களும் அச்சுகளும். டயரில் மிச்சம் பிடித்ததைப்போலப் பல மடங்கு அங்கே செலவாகும்.

இதைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்து விளக்கினேன். அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா உள்ளே போய்ச் சீட்டுப் பணத்தை எடுத்து வந்தாள்.

நெடுஞ்சாலை டயர் நான்கு வாங்கினோம். பழைய சேற்று டயர்களை மலையடிவாரத்தில் எஸ்டேட் வேலை பார்க்கும் ஒருவர் வாங்கிக்கொண்டார். அவர் வண்டி தாரைக் காண்பதே அரிது, அவருக்கு அவைதான் சரி. இரைச்சல் நின்றது. ஆச்சியின் அடுத்த பயணத்தில் கோட்டைவாசல் தாண்டி அதே இறக்கத்தில், அதே சாரலில், முன்னும் பின்னும் வண்டியில்லாத இடமாகப் பார்த்து அப்பா ஒருமுறை பிரேக்கை மிதித்துப் பார்த்தார். நின்றது. ஆச்சி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கினாளா, வேண்டிக்கொண்டாளா தெரியவில்லை.

ஸ்டெப்னி மட்டும் இன்னும் பழையது. அடுத்த சீட்டு வந்ததும் அதையும் மாற்றி, ஐந்தையும் முறைவைத்துச் சுற்றுக்கு விட வேண்டும். எது எப்போது எங்கே போக வேண்டும் என்று டிரிப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் படம் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.