சாப்பாட்டுக்கும் ஒரு சிட்டை



களக்காடு கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் எவரும் கணக்கு எழுதாமல் கடையைப் பூட்டுவதில்லை. நூறு கிராம் கடுகு கடனாகப் போனாலும் சிட்டையில் ஏறிவிடும். ஆனால் கடை திறந்ததிலிருந்து இரவு வரை நம் வாய்க்குள் என்னென்ன போயிற்று என்று கேட்டால் விழிப்போம். நானும் விழித்தவன்தான். இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை கூடியிருப்பது தெரிந்தபோது, "நான் அதிகமாக ஒன்றும் சாப்பிடுவதில்லையே" என்று டாக்டரிடம் சொன்னேன். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நம்பியிருந்தேன். "ஒரு வாரம் எழுதிக்கொண்டு வாருங்கள் அண்ணாச்சி, பார்ப்போம்" என்றார்.

எழுதினேன். மூன்று வேளைச் சாப்பாட்டில் பெரிய குற்றமில்லை. ஒழுகியது வேறு இடத்தில். புதுச் சரக்கு வந்தால் ருசி பார்க்க ஒரு பிடி காராச்சேவு. வெல்லம் பார்க்க ஒரு துண்டு. பொரிகடலை டின்னைத் திறக்கும்போதெல்லாம் ஒரு கை. உடைந்த பிஸ்கட்டும், தாரிலிருந்து உதிர்ந்த பழமும் வீணாகக் கூடாதே என்று அவையும் உள்ளே. விலைபோகாத சரக்கைத் தின்று நஷ்டத்தை ஈடுகட்டும் வழக்கம் நம் தொழிலுக்கே உரியது!

பிறகு டீ. வாழைத்தார் வியாபாரி வந்தால் ஒன்று, கம்பெனி ஆள் வந்தால் ஒன்று, பழைய பாக்கி வசூலானால் ஒன்று என்று நாளைக்கு ஏழு. ஒரு டீக்கு இரண்டு சிறு கரண்டி சர்க்கரை. கரண்டிக்கு 4 கிராம் என்றால் நாளைக்கு 56 கிராம், மாதத்துக்கு 1 கிலோ 680 கிராம். ஒரே ஆளுக்கு மாதச் சாமானில் இவ்வளவு சர்க்கரை எழுதி வந்தால், "வீட்டில் விசேஷமா?" என்று நாமே கேட்போம். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இப்படிச் சேர்க்கும் சர்க்கரை நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் கூடுதல் நல்லது என்கிறது.

உணவைக் கணக்கெழுதிப் பார்ப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1930-களில் குன்னூரிலிருந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடத்தார், டாக்டர் அய்க்ராய்ட் தலைமையில், தென்னிந்தியக் கிராமங்களில் வீடு வீடாகப் போய், சமைக்கப்போகும் அரிசி பருப்பைத் தராசில் நிறுத்துக் குறித்தார்கள். அந்தக் கூடம்தான் 1958-இல் ஹைதராபாத்துக்கு மாறி, 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. அன்று அவர்கள் தேடியது பற்றாக்குறையை. இன்று நம் போன்றவர்கள் தேட வேண்டியது பெரும்பாலும் மிகுதியை. தராசு அதேதான்.

எழுதும் முறைக்கு வருவோம். கல்லாப்பெட்டி அருகில் ஒரு சின்ன நோட்டுப் போதும். நேரம், பொருள், அளவு, இவற்றோடு ஏன் சாப்பிட்டோம் என்பதையும் ஒரு சொல்லில் குறியுங்கள்: பசி, உபசாரம், சும்மா, கோபம். அளவுக்குக் கிராம் தேட வேண்டாம். தோசை எத்தனை, சோறு எத்தனை கரண்டி, சேவு எத்தனை பிடி என்றால் போதும். முக்கியமானது, வாயில் போட்டவுடன் எழுதுவது. இரவில் மொத்தமாக எழுதினால் பாதி மறந்துவிடும். ஞாபகத்தில் வைத்த கடன் எந்தக் காலத்தில் முழுதாக வசூலாகியிருக்கிறது?

அமெரிக்காவில் எடை மிகுந்த ஏறக்குறைய 1,700 பேரிடம் நடத்திய ஆய்வு 2008-இல் வெளிவந்தது. தினமும் எழுதியவர்கள், எழுதாதவர்களைவிட இரு மடங்கு எடை குறைத்திருந்தார்கள். அவர்களுக்கு உணவு ஆலோசனையும் உடற்பயிற்சியும் கூடவே இருந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். நோட்டு தானாக எடையைக் குறைக்காது.

என் நோட்டில் எனக்கு உதவியது அளவைவிட நேரம்தான். பகல் பன்னிரண்டரை முதல் மூன்றரை வரை பக்கம் நிரம்பியிருந்தது. காரணம், கூட்டம் குறையட்டும் என்று மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டதே. பசியை டின்னிலிருந்து அடைத்திருக்கிறேன். இப்போது ஒரு மணிக்கு மகனை உட்கார வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறேன். வியாபாரம் குறையவில்லை. டீ மூன்றாகியது, அதிலும் சர்க்கரை பாதி. ஒரு பிடி சேவு இன்னமும் உண்டு, எழுதிவிட்டுத் தின்கிறேன்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள், நோட்டைப் பார்த்துப் பயந்து பட்டினி கிடக்கக் கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும். மருந்தின் அளவையும் தாமாக மாற்றக் கூடாது. இரத்தச் சர்க்கரை பார்த்த நாளில் அந்த எண்ணையும் அதே பக்கத்தில் குறித்து டாக்டரிடம் காட்டுங்கள்.

வீட்டுக்கு இன்னும் சுலபம், மாதச் சாமான் சீட்டே கணக்குப் புத்தகம். உப்பு ஆளுக்கு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 600 கிராம். ஊறுகாய், அப்பளம், வத்தல், மிக்சரில் வருவதும் இதற்குள்தான் அடங்க வேண்டும். என் வீட்டுச் சீட்டில் இரண்டு கிலோ இருந்தது. மாவடு போட்ட மாதம் என்று வீட்டில் சொன்னார்கள். அடுத்த மாதச் சீட்டையும் எடுத்து வைத்திருக்கிறேன்.