பஞ்சமும் ஆண் பெண் பிறப்பு விகிதமும்

மனிதன் குறுக்கிடாத இடங்களில், எந்தத் தேசத்து ஜனனக் கணக்கைப் பார்த்தாலும், 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறந்திருக்கக் காணலாம். அதாவது 1,000 ஆணுக்கு ஏறக்குறைய 950 பெண். ஒரு கிராமத்தில் ஒரு வருஷத்தில் பிறக்கும் இருபது முப்பது குழந்தைகளைக் கொண்டு இதை அறிய இயலாது. பல்லாயிரம் பிறப்புகளைச் சேர்த்தெண்ணினால்தான் விளங்கும். வறுமையும் ஜன நெருக்கடியும் இவ்விகிதத்தை மாற்றுமா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

ஆண் சிசு உருவில் பெரிதாயினும் உறுதியில் குறைந்தது. செத்துப் பிறக்கும் சிசுக்களில் ஆணே அதிகம். சம பராமரிப்பு இருப்பின் முதல் வருஷத்தில் இறப்பதும் ஆணே அதிகம். ஆகவே தாய் பட்டினி கிடந்தால் ஆண் கர்ப்பமே முதலில் சிதையும் என்று சிலர் ஊகித்தனர்.

சீன தேசத்தில் 1959 முதல் 1961 வரை கொடிய பஞ்சம் நிலவிக் கோடிக்கணக்கான ஜனங்கள் மாண்டனர். மூன்று லக்ஷத்திற்கு மேற்பட்ட தாய்மாரின் பிரசவ விவரங்களை ஆராய்ந்து 2012-இல் வெளியான ஒரு கட்டுரை, 1960 ஏப்ரல் முதல் 1963 அக்டோபர் வரை ஆண் பிறப்பு குறைந்து, பின்னர் ஏறியது என்று கூறிற்று. வேறு நிபுணர்கள் இதனை ஒப்பவில்லை. ஹாலந்தின் மேற்குப் பகுதியில் 1944-45 குளிர்காலத்தில், நாளொன்றுக்கு 1,000 கலோரிக்கும் குறைந்த ரேஷனில் ஜனங்கள் வாடினர். அங்குப் பிறந்த குழந்தைகளிடம் பெண் மிகுதி காணப்படவில்லை. பசியினால் மாறுதல் நேர்ந்தாலும் அது மிகச் சொற்பம். அதுவும் குறைவது ஆணேயன்றிப் பெண்ணன்று.

இவ்விஷயம் கவனிக்கத்தக்கது. அதே சீனாவில் 2010-ஆம் வருஷத்து ஜனக் கணிதத்தில் 100 பெண் பிறப்புக்குச் சுமார் 118 ஆண் பிறப்பு பதிவாயிற்று. அப்பொழுது பஞ்சமில்லை. குடும்பத்திற்கு ஒரே குழந்தை என்ற சட்டமும், முதுமையில் காப்பவன் மகனே என்ற எண்ணமும், கர்ப்பத்தைக் காட்டும் ஸ்கேன் கருவியும் ஒன்று கூடியதன் விளைவு அது. இந்தியாவில் ஆறு வயதிற்குட்பட்ட 1,000 ஆணுக்குப் பெண், 1991-இல் 945, 2001-இல் 927, 2011-இல் 919. இவ்வளவு பெரிய குறைவை இயற்கையின் மேல் சுமத்த இடமில்லை.

இங்கே பொருளாதாரக் கஷ்டம் வேறு வழியாக வேலை செய்கிறது. வயிற்றுப் பசியன்று, வரதக்ஷிணைக் கடனே காரணமாகிறது. சீருக்கும் நகைக்கும் நிலத்தை அடமானம் வைத்த குடும்பம் இரண்டாம் பெண்ணைக் கண்டு அஞ்சுகிறது. பயிர்ச் செலவுக்கென்று வாங்கிய கடன் கல்யாணப் பந்தலில் கரைவதைச் சங்க நிர்வாகிகள் அறியாதவரல்லர். பழியோ தாயின் மேல் விழுகிறது; சிசு ஆணா பெண்ணா என்பதை நிர்ணயிப்பது தந்தையின் வித்து என்பதைப் பலர் கேட்டதுமில்லை.

கர்ப்பத்திலுள்ள சிசு ஆணா பெண்ணா என்று வெளியிடுவதை 1994-ஆம் வருஷத்துச் சட்டம் குற்றமாக்கிற்று. பெற்றோர் வேண்டாத பெண் சிசுக்களை ஏற்கும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலம் ஜில்லாவில் தொடங்கிற்று. அந்த ஜில்லாவில் 1,000 ஆண் குழந்தைகளுக்குப் பெண், 2001-இல் 851, 2011-இல் 916.